கதவைச் சாத்தினால் நிற்கும் காற்று

பராமரிப்புப் பகுதியின் திறப்புக் கோர்வையை வருகிற கிழமை, என் இடத்துக்கு வரும் உங்கள் மூன்று பேரிடமும் தந்துவிட்டுப் போகப்போகிறேன். எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்கு என்று சிவப்பு நூலும் நீல நூலும் கட்டி வைத்திருக்கிறேன். எண்ணெய் விடும் நாட்கள், பெல்ட் மாற்றும் நாட்கள் எல்லாம் கொப்பியில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கொப்பியில் இல்லாத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்படியான விஷயங்களை வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனாலும் இந்த நண்டுத் தொழிற்சாலையில் விசிறிகளைப் பொறுப்பெடுத்த முதல் பெண் நான். பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகும் முதல் ஆளும் நான்தான். அதனால் எனக்கு எழுத உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடந்த பிழையில் அதற்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டில் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பா மீன்பிடிச் சங்கத்தில் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார். அம்மா எந்தக் கிழிந்த வலையையும் தடம் தெரியாமல் பொத்துவா, ஆனால் தன் பெயரை எழுதமாட்டா. தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போவதற்கு முந்திய மாதம் முழுவதும் நான் பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் பழகினேன். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலே போகவேண்டும் என்று தீர்மானித்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு "பரிசோதித்தேன், சரி" என்று எழுதி அதன் கீழே அந்தக் கோட்டை இழுப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பெருநாள்.

கூடை கழுவும் அறையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நண்டுத் தசை எடுக்கும் மண்டபத்திலிருந்து வரும் கூடைகளை அங்கே குளோரின் கலந்த சுடுதண்ணீரில் கழுவி, சுவரில் உள்ள, தள்ளினால் திறந்து தானாக இறுக மூடும் சின்னத் தட்டுக் கதவால் மண்டபத்துக்குத் திரும்பத் தள்ளுவார்கள். நான் வந்த காலத்தில் அந்த அறையின் ஆவியை வெளியே எடுக்க இரும்பு விசிறிதான் இருந்தது. குளோரினும் கடல் உப்பும் சேர்ந்தால் இரும்பு என்ன பாடு படும்! ஒரு விசிறி ஒரு வருடம் தாங்கினால் பெரிய விஷயம். கறள் பிடித்து, அப்பளம் மாதிரிப் பொரிந்து, ஒரு நாள் ஒரு துண்டு கழுவிய கூடைக்குள்ளேயே விழுந்தது. அதைக் காட்டித்தான் நான் மனேச்சரிடம் பிளாஸ்டிக் விசிறி கேட்டேன். சுழலும் சக்கரமும் அதைச் சுற்றியுள்ள கூடும் முழுக்கப் பிளாஸ்டிக். மோட்டர் ஆவி படாத இடத்தில், வெளியே. நான் எழுதிய முதல் பெரிய கோரிக்கைக் கடிதம் அது.

பங்குனி மாதம் பெட்டி வந்தது. பிரித்தபோது அந்த அறையில் வேலை செய்யும் சவேரியம்மா அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தா.

"இதென்ன பிள்ளை, வாளிக்கு இறக்கை முளைச்ச மாதிரிக் கிடக்கு? இது காத்தை இழுக்குமோ, இல்லாட்டித் தண்ணி அள்ளுமோ?"

"உங்களுக்கும் எனக்கும் வயசு போனாலும் இதுக்குக் கறள் பிடியாது அக்கா."

"எனக்கு ஏற்கனவே பிடிச்சிட்டுது. என்னையும் பிளாஸ்டிக்கில மாத்தி விடு பார்ப்பம்."

விசிறியோடு சேர்த்து அறையின் ஒரே வாசலுக்கும் புதுக் கதவு போட்டோம். பழைய பலகைக் கதவில் விரல் நுழையும் அளவுக்கு நீக்கல்கள் இருந்தன. பலகை உக்கி, பிணைச்சல் கறள் பிடித்திருந்தது. அதையும் பிளாஸ்டிக்கில் மாற்றச் சொன்னது நான்தான். இறுக்கமான, வெள்ளை நிறமான, அழகான கதவு. அடியில் மட்டும் அரை அங்குல இடைவெளி. பக்கத்தில் காற்று வர ஒரு சட்டம் போட்ட யன்னல். சித்திரை முடியும்வரை எல்லாம் நன்றாக நடந்தது. ஆவியின் வாடையே இல்லை. நான் ஒரு நாளைக்கு இரண்டு தரம் காரணமில்லாமல் அந்தப் பக்கம் போய் விசிறியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவேன்.

வைகாசியில் சோளகம் எழும்பியது. உங்களில் ஒருத்தி வெள்ளாங்குளத்துப் பிள்ளை, வயலும் காடும் உள்ள இடம், அதனால் சொல்கிறேன். சோளகம் என்றால் தென்மேற்கிலிருந்து மாதக்கணக்காக அடிக்கும் காற்று. மன்னார்த் தீவின் மணலைத் தூக்கிக்கொண்டுதான் வரும். எங்கள் ஊர் பேசாலையில் அந்த நாட்களில் சோற்றில் மணல், தலைமயிரில் மணல், கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அதற்குள்ளும் மணல். கூடைக்குள் மணல் போனால் நண்டுத் தசைக்குள் போகும், பிறகு ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வரும். ஆகவே மணல் விஷயத்தில் மனேச்சர் கடும் கண்டிப்பு.

சோளகம் எழும்பி நான்காவது நாள், சவேரியம்மா அக்காவோடு கூடை கழுவும் ஜெசிந்தா என் மேசைக்கு வந்தாள். கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன.

"மிஸ், உங்கட புது ஃபேன் எங்களுக்கு ஓடுதில்லை."

ஜெசிந்தாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். எட்டாம் வகுப்புவரை அவளும் நானும் ஒரே வாங்கில் இருந்தோம். கணக்கில் அவள்தான் முதல். அவளுடைய அம்மா படுத்த படுக்கையானதும், தம்பி தங்கைகளைப் பார்க்க அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். நான் தொடர்ந்தேன். பதினைந்து வருடம் கழித்து இந்தத் தொழிற்சாலையின் வாசலில் சந்தித்தபோது அவள் என்னை "மிஸ்" என்று கூப்பிட்டாள். பகிடிக்குச் சொல்கிறாளா, மரியாதைக்குச் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவுமில்லை. உண்மையைச் சொன்னால், அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

போய்ப் பார்த்தேன். கதவை இழுத்துத் திறந்து, வழக்கம்போல் அடியில் கிடந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன். ஒரு மெல்லிய தாளை எடுத்து விசிறியின் கம்பிவலைக்குக் கிட்டப் பிடித்தேன். தாள் பச்சென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா? எப்பிடி இழுக்குது?"

"இப்ப இழுக்குது," என்றாள் ஜெசிந்தா. "நீங்கள் வந்தா ஓடும். போனா நிண்டிடும்."

சவேரியம்மா அக்கா கூடையைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னா: "படிச்ச ஆக்களைக் கண்டா ஃபேனுக்கும் பயம் போல."

நான் சிரித்தேன். திரும்பி வந்து "பரிசோதித்தேன், சரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அது முதலாவது.

மூன்று நாட்களில் திரும்பவும் அதே முறைப்பாடு. இந்த முறை ஜெசிந்தாவுக்கு இருமலும் இருந்தது. பின்னேரங்களில் ஐஸ் இயந்திரம் ஓடும்போது கரண்டின் அழுத்தம் குறைகிறதோ என்று நினைத்தேன். மீற்றரைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுப் பின்னேரமும் மோட்டருக்குப் பக்கத்தில் வெளியே நின்றேன். மோட்டர் ஒரு குறையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு, ஆவியின் சூட்டில் பிளாஸ்டிக் சக்கரம் வளைந்துவிட்டதோ என்று கழற்றிப் பார்த்தேன். செய்து அனுப்பியபடியே இருந்தது, புதுக் கிண்ணம் மாதிரி. அதற்குள் ஜெசிந்தா இன்னொன்றும் சொன்னாள்.

"கானுக்குள்ள இருந்து நாத்தம் வருகுது மிஸ். தண்ணி போற ஓட்டை 'களக் களக்' எண்டு கதைக்குது."

ஆவி வெளியே போகவில்லை என்பதும் கான் நாறுகிறது என்பதும் எப்படி ஒன்றோடொன்று சேரும்? எனக்கு விளங்கவில்லை. ஒருத்திக்கு வேலை பிடிக்காவிட்டால் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பாள் என்று என் மனதின் ஒரு மூலை சொன்னது. கானைத் துப்புரவாக்க ஆளை விட்டேன். அடைப்பு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கதவும் திறக்கக் கடினமாக இருந்தது. வெளியிலிருந்து இழுத்தால் முதலில் அசையாது, பிறகு ஒரேயடியாக விட்டுக்கொடுக்கும். வெயிலுக்குப் பிளாஸ்டிக் ஊதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தீர்களா, ஒவ்வொரு சங்கதிக்கும் என்னிடம் தனித்தனியாக ஒரு காரணம் இருந்தது. எல்லாமே படித்த காரணங்கள்.

விசிறியை அனுப்பிய கொழும்புக் கம்பனியின் பொறியியலாளருக்கு ரெலிபோன் எடுத்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மிஸ், அந்த ரூமுக்குள்ள காத்து எங்க இருந்து வருது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேர், இது மன்னார். காத்து எங்க இருந்து வருகுது எண்டு கேக்கிற முதல் ஆள் நீங்கள்தான். அதை நிப்பாட்டத்தான் எங்களுக்கு வழி தெரியாது."

அவரும் சிரித்தார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியை நான் அங்கேயே விட்டுவிட்டேன். கந்தோரில் இருந்தவர்களுக்கு அதைப் பகிடியாகவும் சொன்னேன்.

மூன்றாவது முறை போனபோது ஒரு வேலை செய்தேன். நைலோன் வலைத்துணியில் ஒரு சாண் நீளத்துக்கு நாடாபோல வெட்டி, விசிறிக் கம்பிவலையில் கட்டிவிட்டேன். விசிறி இழுத்தால் நாடா கம்பியோடு படபடவென்று அடிக்கும். இழுக்காவிட்டால் தொங்கும்.

"இனிச் சண்டை வேண்டாம்," என்றேன். "நாடாவைப் பாருங்கோ. அது ஆடினா ஃபேன் ஓடுது."

அடுத்த நாள் காலை ஜெசிந்தா கந்தோர் வாசலிலேயே நின்றாள். "மிஸ், உங்கட நாடா படுத்திட்டுது."

ஓட்டமாய் ஓடினேன். கதவை இழுத்தேன், வழக்கம்போல் காலால் ஒதுக்கினேன், உள்ளே பார்த்தேன். நாடா கொடிபோல் பறந்துகொண்டிருந்தது.

"எங்க படுத்திருக்கு ஜெசிந்தா?"

அவள் நாடாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. அவளுக்கே தன் கண்ணில் சந்தேகம் வந்துவிட்டது போல் இருந்தது. நான் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது முறையும் கையெழுத்து வைத்தேன். கோடு நன்றாக வளைந்து மேலே போனது.

அந்த வியாழக்கிழமை ஜெசிந்தா வேலையின் நடுவே அறையை விட்டு வெளியே வந்து, முற்றத்தில் பனைக்குக் கீழே குந்தி இருந்து வாந்தி எடுத்தாள். திரும்ப உள்ளே போகமாட்டேன் என்றாள். அன்றைக்குச் சவேரியம்மா அக்கா லீவு. கழுவிய கூடை இல்லாமல் மண்டபத்தில் வேலை அரை நாள் நின்றது. அவித்த நண்டு மேசையில் குவிந்து கிடந்தது.

மனேச்சர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல. வெளியூர்க்காரர், எல்லாவற்றையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார். மேசையில் என் மூன்று அறிக்கைகளும் வரிசையாக இருந்தன.

"மெஷின் சரி என்று நீங்கள் மூன்று தரம் எழுதியிருக்கிறீர்கள்."

"ஓம் சேர்."

"அப்படியென்றால் அந்தப் பிள்ளை சொல்லாமல் வேலையை விட்டுப் போனது. திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரிப்போம். உங்கள் அறிக்கை இருக்கிறது, பெரிய சிக்கல் இல்லை. நிறுத்தவேண்டி வரும்."

என் கையெழுத்து ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தும் என்று கலண்டர்த் தாளில் பழகியபோது நான் நினைக்கவில்லை. இந்த வேலை போனால் ஜெசிந்தாவுக்குக் கருவாட்டு வாடிதான். அங்கே உப்புத் தண்ணீரில் நின்று நின்று கை கால் எல்லாம் புண்ணாகித்தான் அவள் இங்கே வந்தாள். அவளுடைய கடைசித் தம்பி அந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை எழுத இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் எனக்கு இரண்டு வரிசை முன்னால் முழந்தாளில் நின்றாள். இருமினாள். கோயிலுக்குள் குளோரின் இல்லை. மனேச்சரும் இல்லை. அங்கே யாருக்காக நடிக்கிறாள்? அந்த இருமல் எனக்குப் பூசை முழுவதையும் கெடுத்தது. விசிறி சரி. நான் என் கண்ணால் பார்த்தேன். அவளும் பொய்க்காரி அல்ல, எட்டு வருடம் பக்கத்தில் இருந்தவளை எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றாக நிற்க இடமில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சப்பாத்தும் ரப்பர் ஏப்ரனும் போட்டுக்கொண்டு கூடை கழுவும் அறைக்குப் போனேன். ஜெசிந்தா இல்லாததால் ஆள் குறைவு, ஒரு கை கொடுப்போம் என்றுதான் சவேரியம்மா அக்காவிடம் சொன்னேன்.

"கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி நில்லாதை பிள்ளை. கூடையைப் பிடி," என்றா.

காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அக்கா கதவைச் சாத்திவிட்டு, பழைய வலையைத் திரணையாகச் சுருட்டி வைத்திருந்ததைக் காலால் கதவின் அடிக்குத் தள்ளினா. அதன்மேல் ஈரச்சாக்கு. யன்னல் சட்டத்துக்கும் அதேபோல ஈரச்சாக்கு. சோளகக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்வோம். எங்கள் வீட்டில் அந்த வலைத் திரணை என் வயதுக்கு முந்தியது. வலது மூலை சரியாக இறுகவில்லை என்று கண்டேன். நானே குனிந்து, இரண்டு விரலால் வலையை மடித்து, அம்மா பழக்கியபடி மூலைக்குள் செருகினேன். ஒரு மணல்கூட உள்ளே வராது. நல்ல வேலை செய்த திருப்தியோடு நிமிர்ந்தேன்.

கால்மணி நேரம் ஆகவில்லை. கண் எரிய ஆரம்பித்தது. தொண்டையில் யாரோ உப்புக்கடதாசியால் தேய்ப்பது போல் இருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. கானின் ஓட்டை "களக்" என்றது. நாற்றம் வந்தது. நிமிர்ந்து நாடாவைப் பார்த்தேன்.

தொங்கிக்கொண்டிருந்தது. செத்த மீனின் வால் மாதிரி.

"அக்கா, ஃபேன் நிண்டிட்டுதோ?"

"நான் என்னத்தைக் கண்டன்? ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். நீ வந்தா எழும்பும்."

"நான் இஞ்சதானே நிக்கிறன்!"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல."

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வெளியே போகக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. யாரோ உள்ளேயிருந்து அதை இழுத்துப் பிடித்திருப்பது போல் இருந்தது. தோளால் இடித்தேன். 'பொக்' என்று திறந்தது, வலைத் திரணை தெறித்து ஒதுங்கியது, காற்றும் மணலும் முகத்தில் அடித்தன. திரும்பிப் பார்த்தேன். நாடா பறந்துகொண்டிருந்தது.

கதவைச் சாத்திக் காலால் திரணையைத் தள்ளினேன். நாடா மெல்லப் படுத்தது. திறந்தேன். எழும்பியது. சாத்தினேன். படுத்தது. எத்தனை தரம் செய்தேன் என்று தெரியாது. சவேரியம்மா அக்கா கூடையைப் பிடித்தபடி என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தா.

விசிறி காற்றைப் படைப்பதில்லை. ஒரு பக்கத்தால் வந்தால்தான் மறுபக்கத்தால் அனுப்பும். நாங்கள் வாயை இறுக்கக் கட்டிவிட்டு மூச்சு விடு என்று சொல்லியிருக்கிறோம். அது பாவம், கடைசியில் கான் குழாயால்கூட இழுத்துப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பரிசோதிக்க வந்த நான் கதவைத் திறந்து, வலைத் திரணையைக் காலால் ஒதுக்கி, காற்றையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறேன். காற்று இருக்கும்போது காற்றைச் சோதித்திருக்கிறேன். கொழும்புப் பொறியியலாளர் வந்திருந்தால் வாசலில் கிடந்த திரணையைக் கண்டதும் "இது என்ன?" என்று கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. கால் அதை ஒதுக்கியது, கண் அதைக் காணவில்லை.

பத்து மணிக்கு ஜெசிந்தா கந்தோரில் கதிரை நுனியில் இருந்தாள். ஈர ஏப்ரனோடு, சிவந்த கண்ணோடு நான் உள்ளே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மூன்று அறிக்கைகளும் மேசையில் இருந்தன.

"சேர், அந்த அறிக்கைகளை நான் திருப்பி எடுக்கிறன்."

மனேச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்? ஃபேன் பிழையா?"

"இல்லை சேர். ஃபேன் சரி."

"அப்ப இந்தப் பிள்ளை சொன்னது பொய்."

"இல்லை சேர். அவ சொன்னதும் சரி."

"இரண்டும் எப்படிச் சரியாகும்?"

"நான் பிழை சேர்."

அந்த மூன்று சொற்களையும் சொல்வதற்கு முன் எனக்குள் என்ன நடந்தது என்று எழுத முயன்றேன், முடியவில்லை. அப்பாவின் பெருவிரல் நினைவுக்கு வந்தது. அந்த விரல் ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்தியதில்லை.

மனேச்சர் நம்பவில்லை. அவர் தாளை நம்புகிறவர், தாளில் எழுதிய ஆளே அதைப் பொய் என்றால் என்ன செய்வார்? நான் அவரை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜெசிந்தாவும் வந்தாள். கதவைச் சாத்தி, திரணையைத் தள்ளி, மூன்று பேரும் உள்ளே நின்றோம். பத்து நிமிடத்தில் மனேச்சர் லேஞ்சியை மூக்கில் வைத்தார். இருமினார். நாடா தொங்குவதைக் காட்டினேன். "போதும், திறவுங்கள்," என்றார். "நீங்களே திறவுங்கோ சேர்," என்றாள் ஜெசிந்தா. அவர் தள்ளினார். பிறகு இரண்டு கையாலும் தள்ளினார். கதவு விட்டுக்கொடுத்தபோது முற்றத்து மணலில் விழப்பார்த்தார். திரும்பி, பறக்கிற நாடாவைப் பார்த்தார்.

"மணல் வரக்கூடாது என்று சொன்னது நான்தானே," என்றார், யாருக்கும் சொல்லாமல்.

ஜெசிந்தாவுக்குக் கொடுக்க வைத்திருந்த கடிதத்தை அவர் மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அந்தக் கிழமையே கிழக்குச் சுவரில், சோளகம் முட்டாத பக்கத்தில், தரையோடு ஒட்டி ஒரு துளை திறந்து, வெளியே மணல் மறைக்கும் தொப்பியும் உள்ளே பிளாஸ்டிக் வலையும் போட்டோம். கதவை எவ்வளவு இறுக்கினாலும் இப்போது நாடா பறக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து அன்று பின்னேரம் ஜெசிந்தாவிடம் போனேன். மன்னிப்பு என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கூடையைத் துடைத்துக்கொண்டே, பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னை "நீ" என்றாள்.

"ஒரு சாண் துணி சொன்னா நம்புறாய். நான் சொன்னா நம்பமாட்டாய். என்னடி உன்ர படிப்பு?"

நான் படித்ததால் பிழைவிட்டேனா, அல்லது பேசாலையில் பிறந்து வளர்ந்ததால் பிழைவிட்டேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். படிப்பு ஜெசிந்தாவைக் கேட்கவிடாமல் தடுத்தது. ஊர் அந்த வலைத் திரணையைப் பார்க்கவிடாமல் தடுத்தது. எதை எதிலிருந்து பிரிப்பது? ஒன்றைப் பிடித்தால் மற்றது கையோடு வருகிறது.

கறள் பிடிக்காத விசிறியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இப்போதும் பெருமைதான். இத்தனை வருடத்தில் அதில் ஒரு கீறலும் இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அறையைப் பற்றி யாராவது முறையிட்டால், கொப்பியை எடுக்க முதல் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். அவர்கள் நிற்கும் இடத்தில், அவர்கள் நிற்கும் அளவு நேரம் நில்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்து வைக்கலாம்.

நேற்று உங்களுக்கு அந்த அறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த வருடத்துச் சோளகம் அன்றுதான் எழும்பியிருந்தது, அதனால் கதவைச் சாத்தித் திரணையும் யன்னலுக்குச் சாக்கும் வைத்திருந்தார்கள். கிழக்குத் துளைக்கு முன்னால் தரையில் கொஞ்சம் மணல் சிந்திக் கிடந்தது. நான் விசிறியைக் காட்டி, பிளாஸ்டிக்கின் அருமையை உங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அந்த அறையின் இப்போதைய பொறுப்பாளர் ஜெசிந்தா, கூடைகளுக்கு மேலால், மண்டபம் முழுவதும் கேட்கக் கத்தினாள்:

"எடியே, காலை எடு!"

நீங்கள் மூவரும் சிரித்தீர்கள், ஏன் என்று தெரியாமல். நான் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் கிடந்த ஈரச்சாக்கை என் கால் துளையின் வலையோடு ஒட்டத் தள்ளி, மூலையையும் இறுக்கி முடித்திருந்தது. மேலே நாடா மெல்ல மெல்லப் படுத்துக்கொண்டிருந்தது.